பொட்டு வைத்த ஹெல்மெட்

முரளி, இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் பருப்புப்பொடி டப்பாவுக்குக் கீழே வைக்கிறேன். சிங்கப்பூரில் இறங்கிப் பெட்டியைத் திறந்ததும் உன் கை முதலில் எதைத் தேடும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ வேகமாக ஓடவிட்டுக் கேட்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் குரல் அணில் கத்துவது போல இருக்கிறது. எழுத்தை அப்படி ஓட்டிவிட முடியாது. கப்பல் பட்டறையில் முதல் நாள் வேலைக்குப் போவதற்கு முன்னால், ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் படி.

சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுதபூஜைக்கு மறுநாள் உன் அப்பா கண்ணில் வெல்டிங் வெளிச்சம் அடித்ததே, அதற்கு நீ வாங்கிக் கொடுத்த ஹெல்மெட் காரணம் இல்லை. நீ மட்டமான பொருளை வாங்கவில்லை. உன்னால் அவர் கண்ணுக்கு எந்த ஆபத்தும் வரவும் இல்லை. இத்தனை நாளாக அந்த நினைப்பைச் சுமந்துகொண்டு நீ திரிந்தது எனக்குத் தெரியும். ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கக்கூட "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேம்மா" என்று கடை வாசலில் நின்றாயே, அன்றைக்கு எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போது எனக்கும் உண்மை தெரியாது. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

ஆனால் என்னை உண்மையில் பயப்பட வைத்தது போன ஞாயிற்றுக்கிழமை. துளசிச் செடிக்கு ஒரு ஸ்டாண்டு செய்து தருகிறேன் என்று பட்டறையில் உட்கார்ந்தாய். கம்பிகள் நகராமல் இருக்க அங்கங்கே ஒரு சின்னப் பற்று வைப்பீர்களே, அந்த டேக், அதை வைக்கும்போது முகத்துக்கு எந்தக் கண்ணாடியும் பிடிக்கவில்லை. குறி பார்த்துவிட்டு, கண்ணை இறுக்க மூடி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு சுர்ரென்று ஒரு தட்டு. அச்சு அசலாக உன் அப்பா. "என்னடா பழக்கம் இது?" என்றேன். "டேக்குதானேம்மா. ஒரு செகண்டு." "ஹெல்மெட் போட்டுக்கிட்டா என்ன?" "அந்த ஆட்டோ ஹெல்மெட்டை எல்லாம் நம்பக் கூடாதும்மா. அப்பாவுக்கு ஆச்சு பாத்தீல்ல?" என்றாய். நாளைக்கு அந்த ஊரில் உன் கையில் கொடுக்கப்போவதும் அதே மாதிரி ஹெல்மெட்தான். அதை நம்பாமல் நீ கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் என்ன ஆகும் என்று நினைத்து, அன்றைக்குச் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். நீயும் அப்பாவும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டீர்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்க மாட்டாய், ஊர் கேட்கும். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் நம் கேட், கிரில் பட்டறையை அப்பா ஆரம்பித்த புதிதிலிருந்து வெல்டிங்குக்குச் சட்டத்தைப் பிடிக்கிற ஆள் நான்தான். ஹெல்பர் ஒருவன் ஒரு நாள் வரவில்லை, "இந்தா, இதைச் சித்த பிடி" என்று கூப்பிட்டார். இருபத்தைந்து வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெல்டிங் ராடை இரும்பில் வைப்பதற்கு முன் அவர் "மூடு" என்பார், நான் கண்ணை மூடிக்கொள்வேன். புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள், இந்த மனுஷன் பெண்டாட்டியை நடு ரோட்டில் வைத்து வாயை மூடச் சொல்கிறான் என்று என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். வெல்டிங் என்றால் எனக்குத் தெரிந்தது மூடின இமைக்குள் பரவுகிற ஒரு சிவப்பும், கருகின வாசனையும், கையில் இறங்குகிற சூடும்தான். இமையும் தோல்தானே, வெளிச்சம் எவ்வளவு உள்ளே போனதோ பெருமாளுக்குத்தான் தெரியும். ராத்திரியில் கண் கரித்தால் வெங்காயம் நறுக்கினதால் என்று நினைத்துக்கொள்வேன்.

உனக்கு ஒரு கதை சொன்னதில்லை, கல்யாண வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவுக்குக் கண்ணில் வெளிச்சம் அடித்துவிட்டது. மணலை அள்ளிக் கண்ணுக்குள் போட்ட மாதிரி உறுத்தல், தண்ணீர் தாரை தாரையாக ஊற்றுகிறது, விளக்கைப் பார்க்க முடியவில்லை. வெல்டர்கள் எல்லாருக்கும் அன்று தெரிந்த ஒரே மருந்து தாய்ப்பால். வீட்டிலேயே மருந்து இருக்கிறது, கேட்க வேண்டுமா? பாலாடையில் எடுத்து ஊற்றினேன். குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். அந்தச் செய்தி எப்படிப் பரவியதோ, மறு வாரம் திருவானைக்காவல் பட்டறையிலிருந்து இரண்டு பேர் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு, வாசலில் பாலாடையோடு தலைகுனிந்து நிற்கிறார்கள். "அக்கா, ரெண்டு சொட்டு" என்கிறார்கள். நீ உன் பங்கு போய்விடுமோ என்று வீடே அதிர அழுகிறாய். கடைசியில் அவர்களில் ஒருவருக்குக் கண் சீழ் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போக, கண் டாக்டர் அம்மா எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினார். "பால் குழந்தைக்கு. கண்ணுக்கு டாக்டர். இனிமே யாராவது பால், உருளைக்கிழங்கு, கத்தாழைன்னு கிளம்புனீங்க, பாருங்க!" என்றார். அங்கே உன் ரூமில் யாராவது கை வைத்தியம் சொன்னால் இதை நினைத்துக்கொள். கண் உறுத்தினால் கசக்காதே, வேலையை நிறுத்து, டாக்டரிடம் போ.

அவ்வளவு பட்டும் உன் அப்பா மாறவில்லை. கையில் பிடிக்கிற அந்தப் பழைய கண்ணாடியோடுதான் காலத்தை ஓட்டினார். நீ ஐ.டி.ஐ. முடித்துத் துவாக்குடி கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது. பழைய கண்ணாடி எப்போதும் கும்மிருட்டு. நெருப்பு வருகிற வரைக்கும் எங்கே ராடை வைக்கிறோம் என்றே தெரியாது. அதனால்தான் கண்ணாடி இல்லாமல் குறி பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற பழக்கம் இவர்களுக்கு வந்தது. ஆட்டோ ஹெல்மெட் அப்படி இல்லை, சும்மா இருக்கும்போது கண்ணாடி தெளிவாக இருக்கும், வெளிச்சம் வந்த கணமே தானாகக் கறுத்துவிடும் என்று நீதானே எனக்குத் தட்டில் தோசையை வைத்துக்கொண்டு விளக்கினாய்? சரியாகச் சொல்கிறேனா பார். போனஸ் வந்ததும் நீ உனக்கு ஒரு சட்டைகூட எடுக்காமல் அந்த ஹெல்மெட்டை அப்பாவுக்கு வாங்கி வந்தாய். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூஜைக்கு அப்புறம் பாக்கலாம்" என்றார். அவர் பேச்சில் அது பெரிய சந்தோஷம்.

இப்போது ஆயுதபூஜை அன்றைக்கு நடந்தது. நீ கம்பெனி பூஜைக்குப் போய்விட்டாய். இங்கே மெஷின், கட்டிங் வீல், சுத்தியல் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்து, நான் சந்தனம் அரைத்துக் கொடுக்க, அப்பா ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். மகன் வாங்கித் தந்தது என்று ஹெல்மெட்டை நடுவில் வைத்திருந்தார். அதன் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே இரண்டு சின்ன ஜன்னல் இருக்குமே, அதைப் பார்த்து அவருக்கு ஒரே ஆச்சரியம். "பொட்டு வைக்கவே இடம் விட்டு செஞ்சிருக்கான் பாரு" என்றார். வெளிச்சம் வந்ததைக் கண்டுபிடிக்கிற இடமே அதுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் யார் சொன்னார்கள்? ஆசை ஆசையாக, இரண்டிலும் கட்டியாகச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். மறுநாள் விஜயதசமி, நல்ல நாளில் புது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ராடை வைத்தார். கண்ணாடி எப்படிக் கறுக்கும்? அதன் கண்ணைத்தான் சந்தனத்தால் மூடியாயிற்றே!

சாயங்காலம் நீ வந்தபோது அவர் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். "பொம்மைக்கடைச் சாமானை வாங்கிட்டு வந்து என் கண்ணைக் கெடுக்கப் பாத்தியே" என்றார். ஹெல்மெட்டை அவர் அதற்குள் பரணில் தூக்கிப் போட்டிருந்தார், நீ அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். எப்போதும் வருகிற அந்த மணல் உறுத்தல் அந்தத் தடவை வரவே இல்லை. வெளிச்சத்தில் கண் கூசினது, பயந்துபோனார், அவ்வளவுதான். காலையில் எழுந்து பேப்பர் படித்தார்.

போகிக்கு வீட்டை ஒழித்தேனே, நீ மெடிக்கல் டெஸ்டுக்குச் சென்னை போயிருந்த அந்த இரண்டு நாள், அப்போது பரணிலிருந்து ஹெல்மெட் இறங்கியது. சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் ஈரத்துணியால் துடைத்தேன். முதல் பொட்டு உதிர்ந்ததும், வெயில் பக்கம் திரும்பியிருந்த கண்ணாடி பட்டென்று கறுத்தது. கையை வைத்து ஜன்னலை மறைத்தேன், வெளுத்தது. எடுத்தேன், கறுத்தது. குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி மறைத்து மறைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, கொஞ்சம் மேல வாங்க" என்று கத்தினேன். அப்பா வந்தார். அவரும் கையை வைத்தார், எடுத்தார், வைத்தார், எடுத்தார். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "புள்ளையைப் போட்டு அப்படிப் பேசிட்டேனே" என்றார். நான் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ராஜகோபுரத்தைப் பார்த்து, "எவ்வளவு தெளிவா தெரியுதுங்க இதுல" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு அப்படிப் பார்த்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"அவன்கிட்ட நானே சொல்றேன், நீ வாயைத் திறக்காத" என்றார். நானும் சரி என்றேன். அதன் பிறகு அவர் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் இருக்கிறாய், உனக்குத்தான் தெரியவில்லை. பொங்கல் அன்று உன் பின்னாலேயே வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாஸ்போர்ட்டை பத்திரமா வெச்சிருக்கியா?" என்று கேட்டாரே, அது இதைச் சொல்ல வந்ததுதான். "அங்க மழை ஜாஸ்தியாம்" என்றாரே, அதுவும் இதுதான். மன்னிப்பு என்ற சொல் அவர் நாக்கில் ஏற மறுக்கிறது, இரும்பை வளைக்கிற மனுஷனுக்கு இது வளையவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் நான் சொன்னேன். கையால் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

நீ வையம்பட்டிக்குப் பெரியம்மா வீட்டில் சொல்லிக்கொள்ளப் போன அன்று காலையில், "கிளம்பு, கடைக்குப் போகணும்" என்றார். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெல்டிங் சாமான் கடைகள் இருக்கிற தெருவுக்குப் போனோம். ஹெல்மெட் வேண்டும் என்றார். உனக்குக் கொடுத்தனுப்பத்தான், அதுதான் அவர் கேட்கிற மன்னிப்பு என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைப் பையனை அவர் படுத்தின பாடு! தர முத்திரை இல்லாத ஒன்றைக் காட்டி "இதுவும் அதே மாதிரிதாங்க" என்றதும், "அதே மாதிரின்னா அதையே குடுங்க" என்று ஒதுக்கிவிட்டார். நெற்றி ஜன்னல் எத்தனை என்று கேட்டார். "இதுல நாலு சென்சாருங்க. குனிஞ்சு வேலை பாக்கையில ஒண்ணு ரெண்டு மறைஞ்சாலும் மத்தது பாத்துக்கும்." "நாலும் மறைஞ்சா?" "நாலும் எப்படிங்க மறையும்?" அப்பா கடையின் கூரையைப் பார்த்தார். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பையன் நல்ல பையன், பொறுமையாகச் சொன்னான். ஒருவேளை கண்ணாடி கறுக்காமல் போனாலும் கண்ணைச் சுடுகிற கதிர்களை அது எப்போதும் தடுத்துக்கொண்டுதான் இருக்குமாம், கண் கூசுமே தவிர வெந்துபோகாதாம். நீ வாங்கித் தந்தது அன்றைக்கும் அவர் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் கறுக்காவிட்டால் உடனே நிறுத்த வேண்டும், வேலை ஆரம்பிக்கும் முன் வெளிச்சத்தில் காட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும், பேட்டரியை மறக்கக் கூடாது, கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற மெல்லிசு பிளாஸ்டிக் தகடு பொறிபட்டு மங்கினால் கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்ற வேண்டும் என்றான். ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, வெல்டிங் மேல் படிகிற கசடைத் தட்டும்போதும், கிரைண்டிங் போடும்போதும் கண்ணில் தெறிக்கும், அதனால் உள்ளே கண்ணுக்கு ஒரு வெள்ளைக் கண்ணாடி போட்டே இருக்க வேண்டுமாம். உனக்குத் தெரிந்ததுதான் எல்லாம். தெரிந்ததைச் செய்வதற்குத்தான் அம்மா எழுதுகிறேன்.

பிறகு அப்பா, "எம் பையன் தலையும் இவ தலையும் ஒரே அளவு, இவளுக்குப் போட்டுப் பாருங்க" என்றார். பின்பக்கத் திருகை முடுக்கி, "குனி, நிமிரு, தலையை ஆட்டு. நழுவுதா? கழுத்து வலிக்குதா? நெத்தியில அழுத்துதா?" என்று கேள்வி மேல் கேள்வி. ஒன்று கனம், ஒன்று லேசாக இருந்தாலும் பார்க்கிற கண்ணாடி சின்னது, மூன்றாவதுதான் தலையில் இருப்பதே தெரியாமல் உட்கார்ந்தது. ஸ்விட்ச் எல்லாம் என்னையே திருகிப் பார்க்கச் சொன்னார். கடையில் நாலு ஆம்பிளைகள் வேடிக்கை பார்க்க, ஹெல்மெட்டோடு நான் மண்டையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைக்காக என்று பொறுத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஜீயபுரம் வாழைத்தோட்டக்காரரின் கேட் வேலை இருந்தது. வழக்கம் போல நீளக்கைச் சட்டையைப் போட்டு, கையுறை மாட்டி, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா நீ வாங்கித் தந்ததை மாட்டிக்கொண்டார். புதுசை எடுத்து வந்து என் தலையில் வைத்துத் திருகை முடுக்கினார். "அவனுக்குங்க இது" என்றேன். "அவனுக்குக் கம்பெனியில குடுப்பாங்க. உனக்கு எந்தக் கம்பெனி குடுக்கும்?" என்றார். நான் சட்டத்தை நேராகப் பிடித்துக்கொண்டேன். அவர் "மூடு" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், பழக்கதோஷம். "கண்ணை இல்ல, ஹெல்மெட்டை" என்றார்.

முரளி, இத்தனை வருஷம் நான் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லாம் பச்சையாக இருந்தது. ராடின் முனையில் இரும்பு உருகி, பால் பொங்குவதற்கு முன்னால் விளிம்பு துடிக்குமே, அப்படித் துடித்துக்கொண்டு நகர்ந்தது. உன் அப்பா அதை அவசரமே இல்லாமல், அரை அரை வட்டமாக ஓட்டிக்கொண்டு போனார். வீட்டில் காபி டம்ளரை வைத்தால்கூடச் சத்தம் வருகிற கை அது, அங்கே அவ்வளவு மெதுவாக இருந்தது. இந்த மனுஷனோடு இவ்வளவு நாள் குடித்தனம் செய்தும் இவர் செய்கிற வேலையைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியும்? நீ ஏன் இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டு கடல் தாண்டிப் போகிறாய் என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை அழகான ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டா செய்வாய்?

அப்பா ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, "தெரிஞ்சுதா?" என்றார். "தெரிஞ்சுதுங்க." கொஞ்ச நேரம் ராடைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருந்தாலும் அவன் வாங்கினதுக்கு இது ஈடு வராது. அவன்கிட்ட சொல்லிடாத, தலைக்கனம் ஏறிடும்" என்றார். நீ வையம்பட்டியிலிருந்து வந்து பட்டறை ஆணியில் இரண்டு ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குப்பா, கம்பெனியிலேயே தருவாங்க" என்றாய். அவர் சிரித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு வேறு எதையும் விளக்கத் தோன்றவில்லை.

அதனால் ராஜா, நம்பிப் போட்டுக்கொள். சோதித்துப் பார்த்துவிட்டு நம்பு. டேக்தானே, ஒரு செகண்டுதானே என்ற பேச்சை இந்த வீட்டோடு விட்டுவிடு. உனக்குப் பக்கத்தில் எவன் பிடித்துக்கொண்டு நிற்கிறானோ, அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், அவன் முகத்திலும் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராடை வை. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். சம்பளம், சாப்பாடு, கல்யாணம் எல்லாம் பிறகு பேசலாம், இதை மட்டும் செய். நான் இங்கே நன்றாக இருக்கிறேன், சந்தோஷமாக இருக்கிறேன். உன் அப்பா இன்னமும் ராடை வைப்பதற்கு முன் "மூடு" என்றுதான் சொல்கிறார். நான் ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டு, உள்ளே கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.